கப்பல் ஒரு நாள் மட்டும் சிங்கப்பூரில் நிற்கும்போது எந்தப் பயணக் கட்டணத்தைத் தேர்ந்தெடுப்பது?

திங்கள்நகர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி ஒரு பயணிகள் கப்பலில் சமையற்பிரிவில் பணியாற்றுகிறான். பணியாளர் குடும்பத்தினருக்குக் கிடைக்கும் சலுகையில் இந்த மே விடுமுறைக்கு எங்களை அழைத்திருக்கிறான். நானும் என் கணவரும், 71 வயதான அம்மாவும், ஆறு வயது மகளுமாக நால்வர் செல்கிறோம். திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் கோலாலம்பூர் போய், கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேற வேண்டும். கப்பல் பினாங்குத் தீவில் ஒரு நாளும் சிங்கப்பூரில் ஒரு நாளும் நிற்கும். சிங்கப்பூரில் காலை 8 மணிக்கு இறங்கலாம் என்றும் மாலை 5 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றும் தம்பி சொல்லியிருக்கிறான்.

கப்பலிலேயே விற்கப்படும் சுற்றுலாப் பேருந்துக்கு நால்வருக்கும் சேர்த்துக் கட்டணம் பார்த்தேன். எங்கள் கைக்கு அது எட்டாது. எனவே அரசுப் பேருந்திலும் பெருவிரைவு ரயிலிலும் செல்வதென்று முடிவு செய்துவிட்டோம். எந்தக் கட்டண முறையை எடுப்பது என்பதில்தான் குழப்பம். நாள் முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கத்தக்க சுற்றுலாப் பயணிகள் அட்டை, பணம் நிரப்பிப் பயன்படுத்தும் ஈஸிலிங்க் அட்டை, நம் வங்கி அட்டையையே வாயிலில் காட்டிச் செல்வது என மூன்று வழிகள் இருப்பதாக அறிகிறேன். என்னிடம் விசா டெபிட் அட்டையும், கணவரிடம் மாஸ்டர்கார்டு கடன் அட்டையும், அம்மாவிடம் ரூபே அட்டையும் உள்ளன. கைப்பேசியில் யுபிஐ இருக்கிறது. அது அங்கே உதவுமா?

அம்மா லிட்டில் இந்தியாவில் வீரமாகாளியம்மன் கோயிலையும் சைனாடவுனில் மாரியம்மன் கோயிலையும் பார்க்க விரும்புகிறார். மகளுக்குக் கரையோரப் பூந்தோட்டங்களில் (கார்டன்ஸ் பை த பே) மரம் போல எழுப்பியிருக்கும் உயரமான இரும்பு மரங்களைக் காட்ட வேண்டும். இதற்கு மேல் வேறு எங்கும் போகும் எண்ணமில்லை. திங்கள்நகரிலிருந்து நாகர்கோவிலுக்கு நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போய் வந்து பழகிய அம்மா, "அங்க வயசானவங்களுக்குச் சலுகை உண்டா என்று முதல்ல கேளு" என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

குளச்சல் பட்டறைக்காரன்

டீச்சருக்கு வணக்கம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும் சொல்வோம். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரு வெள்ளியை 70 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுகிறேன்; மாற்று விகிதம் சற்றுக் கூடலாம், குறையலாம்.

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 60 வயது கடந்தவர்களுக்கான சலுகை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உண்டு. சுற்றுலாவாக வருபவர் எத்தனை வயதானாலும் முழுக் கட்டணம்தான் செலுத்த வேண்டும்.

அங்கே கட்டணம் செல்லும் தூரத்தைப் பொறுத்தது. நம்மூரில் நடத்துநர் நிறுத்தம் கேட்டுச் சீட்டுக் கிழிப்பது போலத்தான், ஆனால் கணக்கை இயந்திரம் வைத்துக்கொள்கிறது. 2024 டிசம்பர் இறுதியில் நடைமுறைக்கு வந்த பட்டியலின்படி, அட்டையில் செல்லும் பெரியவர் ஒருவருக்கு 3.2 கிலோமீட்டர் வரை 1.19 வெள்ளியாக இருந்தது, 40 கிலோமீட்டரைத் தாண்டினாலும் 2.47 வெள்ளிக்கு மேல் போகவில்லை. ஆண்டு இறுதியில் கட்டணத்தை மறுபரிசீலனை செய்து சில காசுகள் கூட்டுவது அங்கே வழக்கம் என்பதால், நீங்கள் போகும்போது ஒவ்வொரு பயணத்திலும் பத்துக் காசு கூடுதலாக இருக்கக்கூடும். நீங்கள் குறிப்பிட்ட மூன்று இடங்களும் நகரின் நடுப்பகுதியிலேயே இருக்கின்றன. கப்பல் மரினா பே முனையத்தில் நின்றால், அருகிலுள்ள ரயில் நிலையம் மரினா சவுத் பியர். அங்கிருந்து வடக்கு தெற்குப் பாதையில் டோபி காட் வரை போய், வடகிழக்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிலையமே லிட்டில் இந்தியா. ஒருவருக்கு ஏறத்தாழ ஒன்றரை வெள்ளி ஆகும். லிட்டில் இந்தியாவிலிருந்து சைனாடவுனுக்கு அதே வடகிழக்குப் பாதையில் மூன்று நிலையங்கள்தான்; அங்கிருந்து பூந்தோட்டத்திற்கும், பிறகு கப்பலுக்கும் போவதும் குறுகிய தூரமே. நான்கு பயணத்தையும் கூட்டினால் ஒருவருக்கு 6 வெள்ளிக்குள் அடங்கிவிடும்.

இப்போது சுற்றுலாப் பயணிகள் அட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாள் அட்டையின் விலை 2024-இல் 17 வெள்ளி. இரண்டு நாளுக்கு 24, மூன்று நாளுக்கு 29. நாள் என்பது அன்றைய போக்குவரத்து முடியும் வரைதான். வாங்கிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 6 வெள்ளிக்குப் பயணம் செய்யப்போகிறவர் 17 வெள்ளி கொடுக்கத் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு முறை ஏறி இறங்குகிறவருக்கே அது கட்டுப்படியாகும். வயதான அம்மாவையும் சிறு குழந்தையையும் வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரத்தில் அத்தனை முறை ஏறி இறங்குவது நடக்கிற காரியமில்லை. நால்வருக்கும் அந்த அட்டை எடுத்தால் 68 வெள்ளி, அதாவது 4,760 ரூபாய். பயணத்துக்குப் பயணம் கொடுத்துச் சென்றால் 24 வெள்ளி, 1,680 ரூபாய். இந்த வித்தியாசத்தில் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தையில் நால்வரும் வயிறார மதிய உணவு சாப்பிட்டுவிடலாம்.

உங்கள் விசா அட்டையும் கணவரின் மாஸ்டர்கார்டும் ரயில் வாயிலிலும் பேருந்திலும் நேரடியாகச் செல்லும். வெளிநாட்டில் வழங்கப்பட்ட அட்டை என்பதால், பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் சேரும். ஒரே நாள் என்பதால் அது பெரிதில்லை. நம் வங்கி அந்நியச் செலாவணி மாற்றுக்கென்று தனியாக ஒரு விழுக்காடு எடுத்துக்கொள்ளும். ரூபே அட்டையை அங்கே வாயிலில் நம்பிப் போக வேண்டாம். யுபிஐ வாயிலில் பயன்படாது.

இதில் எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு: ஓர் அட்டையில் ஒருவர் மட்டுமே செல்ல முடியும். கணவரின் அட்டையைக் காட்டி நால்வரும் நுழையலாம் என்று எண்ணிப் போனால், முதலாமவர் உள்ளே போவார், இரண்டாமவருக்குக் கதவு திறக்காது. அதனால் நீங்களும் கணவரும் வங்கி அட்டையிலும், அம்மாவும் மகளும் ஈஸிலிங்க் அட்டையிலும் செல்வதே உங்கள் நிலைமைக்குப் பொருந்தும். ஈஸிலிங்க் அட்டை 10 வெள்ளி. அதில் 5 வெள்ளி அட்டையின் விலை, திரும்பக் கிடைக்காது. மீதி 5 வெள்ளி பயணத்துக்கு. நான்கு பயணத்துக்கு அது சற்றுப் போதாமல் வரும் என்பதால் இன்னும் கொஞ்சம் நிரப்பிக்கொள்ள வேண்டும். இரண்டு அட்டைக்கும் விலையாகப் போகும் 10 வெள்ளியையும், உங்கள் இருவரின் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்தாலும் மொத்தம் 36 வெள்ளியைத் தாண்டாது.

அந்த 10 வெள்ளியையும் மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் தெருவில் சிங்கப்பூர் போய் வந்தவர் யாராவது நிச்சயம் இருப்பார். அவர் வீட்டு மேசை இழுப்பறையில் ஈஸிலிங்க் அட்டை ஒன்று கிடக்கும். அதில் பெயரோ படமோ இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்; காலாவதியாகவில்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், அந்தக் கப்பல் அடிக்கடி சிங்கப்பூர் போவதானால், தம்பியையே முன்கூட்டி இரண்டு அட்டை வாங்கி வைக்கச் சொல்லலாம்.

வடசேரிவாசி

மேலே எழுதிய அண்ணாச்சியின் கணக்கு சரிதான். ஆனாலும், மூன்று நாள் அட்டையை எடுத்துச் சென்று நிம்மதியாகச் சுற்றி வந்தவன் என்ற முறையில் அதன் பக்கமும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். அட்டையில் பணம் இருக்கிறதா, வங்கி ஏற்குமா என்ற கவலை இல்லாமல், தவறான பேருந்தில் ஏறினாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏறிக்கொள்ளலாம் என்பது புதிய ஊரில் பெரிய ஆறுதல். கன்னியாகுமரிப் படகுத்துறையில் சாதாரண வரிசைக்கும் சிறப்பு வரிசைக்கும் வேறு வேறு கட்டணம் இருக்கிறதல்லவா? வெயிலில் நிற்க முடியாதவரைக் கூட்டிச் செல்லும்போது நாம் பணத்தை மட்டும் பார்ப்பதில்லை. ஆனால் ரயிலில் எல்லோருக்கும் ஒரே வாயில்தான். எந்த அட்டை எடுத்தாலும் வரிசையில் முன்னுரிமை கிடைக்காது. அந்த வகையில் பார்த்தால், ஒரு நாள் பயணத்துக்கு நானும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு மூன்று நாள் தங்கி, கிழக்கிலும் மேற்கிலும் அலைகிறவர்களுக்கு அது ஏற்றது.

வங்கி அட்டையைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். புறப்படுவதற்கு முன் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டேன். ஆனால் ரயில் வாயிலில் அட்டையை வைத்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் சிவப்பு. என் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. என் மனைவியும் மகனும் வாயிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறைக்குத் திரும்பிச் செயலியைத் துருவிப் பார்த்தபோதுதான், தொடுதல் முறையில் செலுத்துவதற்கு வெளிநாட்டுக்கென்று தனிப் பொத்தான் இருப்பதும், அது மூடியே கிடந்ததும் தெரிந்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதியின்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொடுதல் முறையும் நாமே கேட்டுத் திறக்க வேண்டியவை. ஆகவே டீச்சர், இரண்டையும் ஊரிலேயே திறந்து, தொடுதல் முறையை வடசேரியில் ஏதாவது ஒரு கடையில் சிறு தொகைக்குப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கட்டணம் கழிந்ததற்கான குறுஞ்செய்தி உடனே வராது. சில நாள் பயணத்தைச் சேர்த்து ஒரே தொகையாக எடுப்பார்கள். அதைப் பார்த்து, பணம் கழியவே இல்லை என்று நினைத்துக் கணக்கிலிருந்த பணத்தை எடுத்துவிட வேண்டாம்.

பேருந்தில் இறங்கும்போதும் அட்டையைக் கட்டாயம் காட்ட வேண்டும். மறந்துவிட்டால், எங்கே இறங்கினீர்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாததால், அந்தப் பேருந்து கடைசி வரை போகும் தூரத்துக்குக் கட்டணம் பிடித்துவிடும். நம்மூர்ப் பழக்கத்தில் நாம் இறங்கும்போது படிக்கட்டைத்தான் பார்ப்போம், கருவியைப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு முன்னால் நீங்கள் இறங்காமல், அவர் காட்டி இறங்கிய பிறகு கடைசியாக நீங்கள் இறங்குவது நல்லது.

மார்த்தாண்டத்து மருமகள்

நான் திருமணமான பிறகு ஆறு ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தேன். குழந்தையைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதை மட்டும் சேர்க்கிறேன். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தை, கட்டணம் செலுத்தும் பெரியவருடன் வந்தால் இலவசமாகச் செல்லலாம். ஆறு வயது மகள் அந்த உயரத்தைத் தாண்டியிருப்பாள். ஏழு வயது நிறையாத குழந்தைகளுக்கென்று கட்டணமில்லாச் சலுகை அட்டை உண்டு. கடவுச்சீட்டைக் காட்டிப் பயணச்சீட்டு அலுவலகத்தில் வாங்க வேண்டும். ஆனால் அந்த அலுவலகம் எல்லா ரயில் நிலையங்களிலும் இருக்காது. உங்கள் வழியில் தென்பட்டு, வரிசையும் இல்லாதிருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால், ஒரு நாளுக்கு 6 வெள்ளி மிச்சம் பிடிப்பதற்காகக் கோயில் நடை சாத்தும் நேரத்தைத் தவறவிட வேண்டாம். வீரமாகாளியம்மன் கோயிலும் மற்றக் கோயில்களைப் போல நண்பகலில் சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். அதனால் இரண்டு கோயில்களையும் முற்பகலிலும் பூந்தோட்டத்தைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு மரங்கள் நிற்கும் தோப்புக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

கப்பல் எந்த முனையத்தில் நிற்கிறது என்பதைத் தம்பியிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஹார்பர்ஃபிரண்டில் நின்றால் உங்களுக்கு வேலை மிகவும் எளிது. வடகிழக்குப் பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது, பாதை மாறாமலே சைனாடவுனும் லிட்டில் இந்தியாவும் வந்துவிடும். அங்கே இறங்குகிறவர்கள் பலரும் செந்தோசாத் தீவுக்குப் போகும் ரயிலைப் பார்த்து ஏறிவிடுகிறார்கள். அந்த ரயிலுக்குத் தனியாக 4 வெள்ளி. சுற்றுலாப் பயணிகள் அட்டை அதில் செல்லாது. அதே தீவுக்கு 123-ஆம் எண் பேருந்தில் வழக்கமான கட்டணத்தில் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நேரம் மீந்தால் உங்கள் மகளுக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரினா பே முனையம் என்றால், கப்பலிலிருந்து ரயில் நிலையம் வரை வெயிலில் சற்று நடக்க வேண்டும். காலையில் அது சிரமமாக இராது. மாலையில், நாளெல்லாம் நடந்து களைத்த அம்மாவுடன் திரும்பும்போது, பூந்தோட்டத்திலிருந்து முனையத்துக்கு டாக்சி எடுத்துவிடுங்கள். நால்வர் ஒரு டாக்சியில் போகலாம், தூரமும் குறைவு. ரயிலில் நால்வருக்கும் ஆகும் தொகையை விட அது கூடுதல்தான். ஆனால் கப்பலைப் பிடிக்க வேண்டிய கடைசிப் பயணத்தில் கட்டணத்தைக் குறைக்கப் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, ரயிலிலிருந்து இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் புதிய கட்டணம் தொடங்காது. தூரம் தொடர்ந்து கணக்காகும். இதை எழுதியதும் 45 நிமிடத்துக்குள் கோயிலிலிருந்து ஓடி வர வேண்டாம். சேமிக்கப் போவது ஒரு வெள்ளிக்கும் குறைவு. பேருந்தில் நாணயம் போட்டும் போகலாம், ஆனால் மீதி தரமாட்டார்கள். கட்டணமும் அட்டையை விட அதிகம்.

பினாங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் விளிம்பிலேயே இருக்கிறது. அங்குள்ள லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். நகருக்குள் சுற்றிவர கேட் (CAT) என்ற பெயரில் இலவசப் பேருந்து ஓடுகிறது. அம்மா கேட்ட கட்டணமில்லாப் பேருந்து அங்கே கிடைக்கும், வயதும் கேட்க மாட்டார்கள்.

திங்கள்நகர் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இலவசப் பேருந்து உண்டு என்றதும் பினாங்கில் ஒரு நாள் கூடுதலாக நிற்காதா என்று கேட்டார்.

கப்பல் மரினா பே முனையத்தில்தான் நிற்கும் என்று தம்பி உறுதிசெய்துவிட்டான். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் விசாரித்ததில், அவர் மனைவியின் அலமாரியிலிருந்து ஓர் ஈஸிலிங்க் அட்டை கிடைத்தது. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அது அம்மாவுக்கு. மகளுக்கு ஒன்று தம்பி வாங்கி வைக்கிறான். நானும் கணவரும் வங்கி அட்டையில் போகிறோம். நேற்று மாலை மருந்துக் கடையில் என் அட்டையைத் தொடுதல் முறையில் பயன்படுத்திப் பார்த்தேன், சென்றது. கணவரின் அட்டையில் வடசேரிவாசி எழுதியதைப் போலவே அந்த இரண்டாவது பொத்தான் மூடித்தான் இருந்தது, திறந்துவிட்டோம். மாலையில் திரும்புவது டாக்சியில் என்றும் முடிவு செய்துவிட்டோம்.

ஒரே ஓர் ஐயம். அம்மா எதையும் சுருக்குப் பையில்தான் வைப்பார். பையோடு கருவியில் வைத்தால் போதுமா?

குளச்சல் பட்டறைக்காரன்

போதாது டீச்சர். பையில் நாணயங்கள் கிடந்தால் கருவி அட்டையைப் படிக்கத் திணறும். ரூபே அட்டையும் அதே பையில் இருந்தால் இன்னும் குழப்பம். ஈஸிலிங்க் அட்டையை மட்டும் ஒரு கயிற்றுறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அங்கே பள்ளிப் பிள்ளைகளும் வயதானவர்களும் அப்படித்தான் போகிறார்கள். அட்டையைக் கருவியின் மேல் தேய்க்காமல் ஒரு நொடி அசையாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒலி கேட்டு, பச்சை விளக்கு எரிந்த பிறகு எடுத்தால் போதும். இறங்கும்போதும் அப்படியே.

புறப்படும் அன்று கைக்கடிகாரத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. கப்பலின் கடிகாரம் கரையின் நேரத்தோடு எல்லாப் பயணத்திலும் ஒத்துப் போகும் என்று சொல்ல முடியாது. 5 மணி என்று தம்பி சொன்னது எந்த நேரப்படி என்பதை இறங்கும் முன் அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.